500 ஜிபி டிஸ்க் இமேஜைத் திறக்க லினக்ஸில் எந்த ஹெக்ஸ் எடிட்டர்? நான் பட்ட பாடு

ஒரு ஃபைலின் பைட்டுகளை அப்படியே பதினாறடிமான எண்களாகக் காட்டி, திருத்தவும் விடும் கருவிதான் ஹெக்ஸ் எடிட்டர். லினக்ஸில் அதில் நல்லது எது என்று தேடினால் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயர், ஒரு ஸ்கிரீன்ஷாட், "எளிமையானது, வேகமானது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். எனக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். இந்த எடிட்டர் ஃபைலை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றுமா, இல்லை கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் டிஸ்கிலிருந்து படிக்குமா? அதை ஒரு பட்டியலும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் இதில் போனது. வேறு யாரும் அந்த மாதத்தைத் தொலைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஊர் ஊராகப் போய் வயதான பெண்களிடம் தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுத்துப்படி எடுத்து வைத்திருந்தாள். ஒலிப்பதிவு, எழுத்துப்படி, படங்கள் எல்லாம் ஒரு 500 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் விண்டோஸ், வீட்டில் என் லினக்ஸ் என்று இரண்டிலும் போட வேண்டியிருந்ததால் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற, இரண்டும் படிக்கும் ஃபைல் முறையில் இருந்தது. ஒரு நாள் காலையில் அது திறக்கவில்லை. விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. நல்லவேளை, வேண்டாம் என்று அழுத்திவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். "அண்ணே, கோவில்பட்டிப் பாட்டியோட ஒப்பாரி இதுல மட்டும்தான் இருக்கு. பாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க." அதற்கப்புறம் அவள் எதுவும் பேசவில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்த ஃபார்மேட் கேள்விக்கு எந்தச் சூழ்நிலையிலும் சரி என்று அழுத்தாதீர்கள். பிறகு செய்யப்போகும் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் டேட்டா மீட்கும் கடை ஒன்றுக்குப் போனோம். பார்த்துச் சொல்ல மட்டும் 1,500 ரூபாய். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, 22,000 ஆகும், வருமா வராதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். டிஸ்கில் என்ன கோளாறு என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. அவள் உதவித்தொகையில் ஓடிக்கொண்டிருப்பவள். டிஸ்கைத் திரும்ப வாங்கி வந்தேன். அந்த 1,500 போனதைவிட, அந்த இரண்டு வாரமும் கைகட்டி உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு வலித்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, சுழலவே இல்லை என்றாலோ, வீட்டில் எதையும் முயலாதீர்கள். அதற்குத் தூசியில்லா அறையும் பழகிய கையும் வேண்டும். எங்கள் டிஸ்க் சத்தமில்லாமல் சுழன்றது, லினக்ஸின் மையமான கர்னலும் அதன் அளவைச் சரியாகக் காட்டியது. அதனால்தான் துணிந்தேன்.

இந்த நிலையில் மூல டிஸ்கை எந்த எடிட்டராலும் தொடக்கூடாது. முதல் வேலை அதை அப்படியே ஒரு ஃபைலாக (இதைத்தான் டிஸ்க் இமேஜ் என்கிறேன்) எடுத்துக்கொள்வது. அதற்குக் கெட்ட டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் கருவியான குனு டிடிரெஸ்க்யூ. 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு 1 டிபி டிஸ்க் வாங்கி, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் முறையில் ஃபார்மேட் செய்து, அதில் இமேஜை இறக்கினேன். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிவதை எல்லாம் வாரி எடுக்கும். சிரமம் கொடுக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்ப வரும். எதைப் படித்தது, எதைப் படிக்கவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால், இரவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை அழித்துவிடாதீர்கள். அதன் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கையில் 500,107,862,016 பைட் கொண்ட ஒரே ஃபைல். அதன் உள்ளே பார்க்க வேண்டும். எக்ஸ்எக்ஸ்டி, ஹெக்ஸ்டம்ப் மாதிரி டெர்மினல் கருவிகள் இருக்கின்றனவே, வரைகலை எடிட்டர் எதற்கு என்று கேட்கலாம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் அவை போதும். எனக்கோ தேடவும், மேலும் கீழும் நகர்ந்து பார்க்கவும், இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், பார்த்ததைக் குறித்து வைக்கவும் வேண்டியிருந்தது. தூக்கம் கெட்ட கண்ணோடு டெர்மினலில் ஓடும் எண்களை நம்ப எனக்குத் தைரியமில்லை.

மென்பொருள் கடையில் முதலில் தெரிந்த எடிட்டரை நிறுவி இமேஜைத் திறந்தேன். என் லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம். கொஞ்ச நேரத்தில் மவுஸ் நகரவில்லை, நினைவகம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் ஸ்வாப் இடமும் நிரம்பியது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் நிறுத்தினேன். இமேஜ் இருந்த டிஸ்கும் அந்த நேரத்தில் சொருகியிருந்தது. மறுபடி ஏறும்வரை, அந்த இமேஜும் போயிருக்குமோ என்று வயிறு கலங்கியது. போகவில்லை. ஃபைல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் எடிட்டர் அது. குறிப்பில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடுதான் அணுகினேன். கேடிஈ டெஸ்க்டாப்பின் ஒக்டேட்டா மிகவும் முதிர்ந்த கருவி. நல்ல டீகோடிங் டேபிள் (பைட்டுகளை எண்ணாகவும் எழுத்தாகவும் காட்டும் அட்டவணை), செக்சம் (தரவு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), எழுத்துத் தொடர்களைப் பிரித்தெடுப்பது, பைட்டுகளைக் கட்டமைப்பாகப் படிப்பது எல்லாம் உண்டு. ஆனால் அது ஃபைலை முழுதாக நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும் வகை. சில நூறு எம்பி வரை என்றால் இன்றும் என் முதல் தேர்வு அதுதான். நோம் டெஸ்க்டாப்பின் ஜிஹெக்ஸ் எளிமையானது. 2022-ல் வந்த 42-ஆம் பதிப்பில் ஜிடிகே4 என்ற புதிய வரைகலை நூலகத்துக்கு மாறியது. உங்கள் விநியோகத்தில் பழைய 3 வரிசை இருந்தால் பெரிய ஃபைலுக்கு அதை நம்பாதீர்கள், புதிய வரிசை பெரிய ஃபைலை எம்மேப் (தேவைப்படும் பகுதியை மட்டும் டிஸ்கிலிருந்து எடுக்கும் முறை) வழியாகத் துண்டு துண்டாகப் படிக்கக்கூடியது. பிளெஸ் என்று ஒன்று பல பட்டியல்களில் வரும். அதற்கு மோனோ என்ற கூடுதல் இயக்கச் சூழல் வேண்டும், வளர்ச்சியும் மெதுவாகிவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

பெரிய ஃபைலுக்கென்றே செய்யப்பட்டது டபிள்யூஎக்ஸ்ஹெக்ஸ்எடிட்டர். எத்தனை டிபி இருந்தாலும் நொடியில் திறக்கும், நினைவகத்தைத் தின்னாது, டிஸ்கை நேரடியாகவே திறக்கும். குறை என்னவென்றால் கடைசி வெளியீடான 0.24 வந்தது 2017-ல். இன்னொன்று, நடுவில் பைட் நுழைத்துச் சேமித்தால் தற்காலிகப் பிரதி எடுக்காமல் அதே ஃபைலுக்குள்ளேயே எல்லாவற்றையும் நகர்த்தும். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பார்க்க மட்டும் என்றால் அருமையான கருவி. அடுத்தது ரீஹெக்ஸ், முழுப்பெயர் ரிவர்ஸ் இன்ஜினியர்ஸ் ஹெக்ஸ் எடிட்டர். 1 டிபிக்கு மேலும் தாங்கும். எனக்கு இதில் பிடித்தது, ஒரு பைட் வரம்பைத் தேர்ந்தெடுத்து அதற்குக் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்பு தனி ஃபைலில் சேமிக்கப்படும், மூல ஃபைலில் ஒரு பைட்கூட மாறாது. இரவு விட்ட இடத்தை மறுநாள் மாலை கண்டுபிடிக்க அது போதும். 2020-ல் வந்த இம்ஹெக்ஸ் இன்று எல்லோரும் சொல்வது, சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அதன் பேட்டர்ன் மொழியில் நான்கு வரியில் ஒரு கட்டமைப்பை எழுதினால் பைட்டுகள் வண்ணம் வண்ணமாகப் பிரிந்து பெயரோடு நிற்கும். ஆனால் ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் வசதி வேண்டும். பழைய லேப்டாப்பில் ஜன்னல் தட்டுத் தடுமாறினால் உங்கள் மீது பிழையில்லை. காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு 010 எடிட்டர் இருக்கிறது, லினக்ஸுக்கும் வருகிறது, 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம்.

இனி உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். எடிட்டரில் என்னென்ன வேண்டும் என்பது அதிலிருந்துதான் விளங்கும். பார்ட்டிஷன் (டிஸ்கில் ஃபைல்கள் இருக்கும் பிரிவு) 2048-ஆம் செக்டரில் தொடங்குகிறது; செக்டர் என்பது டிஸ்க் படிக்கும் சிறு துண்டு. செக்டருக்கு 512 பைட் என்றால் அது 1,048,576-ஆவது பைட், ஹெக்ஸில் 100000. எடிட்டரில் "இந்த இடத்துக்குப் போ" என்ற வசதி ஹெக்ஸ், தசமம் இரண்டையும் ஏற்க வேண்டும். எதை எதிர்பார்க்கிறது என்று பார்க்காமல் எண்ணைப் போடாதீர்கள். அங்கே பார்ட்டிஷனின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்ஃபேட்டின் பூட் செக்டர் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் 00 00 00 என்று திரை முழுக்கச் சுழியம். எனக்குக் கை நடுங்கியது. யாரோ அழித்துவிட்டார்களா, கடையில் ஏதாவது செய்தார்களா என்றெல்லாம் மனம் போனது.

டிடிரெஸ்க்யூ படிக்க முடியாத இடமும் இமேஜில் சுழியமாகத்தான் நிற்கும். உண்மையிலேயே அழிந்த சுழியமும் படிக்காமல் விட்ட சுழியமும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரே மாதிரி இருக்கும். அதன் கையேட்டில் ஃபில் மோட் என்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. மேப் ஃபைலை வைத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை நிரப்பும். பேட்-செக்டர் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்து ஓட்டினேன். மறுபடி 100000-க்குப் போனால், வலது பத்தியில் பேட்-செக்டர், பேட்-செக்டர், பேட்-செக்டர் என்று வரிசையாக ஓடி, சரியாக 101000-ல் நின்றது. 4096 பைட். டிஸ்கின் உள்ளே ஒரு பௌதிக செக்டர் 4096 பைட்; வெளியே அது எட்டு 512-பைட் செக்டராகத் தெரிகிறது. அந்த ஒன்று போனால் எட்டும் சேர்ந்து போகும். ஆக யாரும் எதையும் அழிக்கவில்லை, டிஸ்கின் அந்தப் புள்ளி செத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நிரப்பியதை எடுக்க வேண்டுமானால் அதே வழியில் சுழியத்தை நிரப்பிவிடலாம். நிரப்பும் சொல்லைத் தமிழில் கொடுக்காதீர்கள். வலது பத்தி பொதுவாக ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்றே காட்டும். தமிழ் எழுத்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் மூன்று பைட் என்பதால் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும்.

எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அதன்படி பூட் பகுதி 12 செக்டர், அடுத்த 12 செக்டரில் அதே பகுதியின் மறுபிரதி. 12 செக்டர் என்றால் 6144 பைட், ஹெக்ஸில் 1800. ஆக மறுபிரதி 101800-ல் இருக்க வேண்டும். போனேன். முதல் மூன்று பைட்டுக்கு அடுத்து 45 58 46 41 54 20 20 20. வலது பத்தியில் எக்ஸ்ஃபேட் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், பிறகு மூன்று இடைவெளி. தங்கையை எழுப்பிக் காட்டினேன். அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, உள்ளடக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். பூட் செக்டரின் தொடக்கத்திலிருந்து 64-ஆம் பைட்டில் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற எண் எட்டு பைட்டில் இருக்கும். அங்கே 00 08 00 00 00 00 00 00 என்று இருந்தது. லிட்டில் எண்டியனில் (கடைசி இலக்கப் பைட் முதலில் வரும் முறை) படித்தால் 2048, சரியான விடை. எடிட்டர் அதற்கு நேர்மாறான பிக் எண்டியனில் இருந்தால் 2,251,799,813,685,248 என்று காட்டும், எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள். இதற்குத்தான் டேட்டா இன்ஸ்பெக்டர் என்ற பலகை. பைட்டில் கர்சரை வைத்தால் அதன் எண் மதிப்பைப் பல விதத்தில் காட்டுவது. அது இல்லாத எடிட்டரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், எண்டியனை மாற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். பூட் பகுதியின் கடைசிச் செக்டர், அதாவது 101600-ல் தொடங்குவது, முழுக்கச் செக்சம். ஒரே நான்கு பைட் 128 தடவை திரும்பத் திரும்ப நிற்கும். செத்த பகுதிக்கு வெளியே இருந்ததால் அது பிழைத்திருந்தது. மறுபிரதியின் செக்சம் செக்டரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நான்கு பைட்டும் ஒன்றுதான். மறுபிரதி நலமாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி; முழு உறுதிக்கு மறுபிரதியின் முதல் 11 செக்டரிலிருந்து செக்சத்தைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். பூட் செக்டரில் ஏதோ ஒரு பைட்டைத் தனியாகக் கையால் மாற்றினால் இந்தச் செக்சம் ஒத்துப்போகாது என்பதையும் மனதில் வையுங்கள். 12 செக்டரையும் மொத்தமாகப் பெயர்ப்பதுதான் வழி.

பெயர்ப்பதற்கு முன் எடிட்டர் ஓவர்ரைட் நிலையில் (பழைய பைட்டின் மேலேயே எழுதுவது) இருக்கிறதா, இன்சர்ட் நிலையில் இருக்கிறதா என்று கீழே உள்ள ஸ்டேட்டஸ் பட்டையில் பாருங்கள். பந்தியில் நடுவில் ஒருவர் நுழைந்து உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் ஓர் இலை தள்ளி உட்கார வேண்டும் அல்லவா, அதுதான் இன்சர்ட். டிஸ்க் இமேஜில் ஒரு பைட் தள்ளிப்போனாலும் அதற்குப் பிறகுள்ள எந்த முகவரியும் பொருந்தாது. சேமிப்பதற்கு முன்னும் பின்னும் ஃபைலின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பைட்கூட மாறியிருக்கக்கூடாது. திறக்கும்போது ரீட்-ஒன்லியில் திறக்க முடியாத எடிட்டர் என்றால், இமேஜ் ஃபைலின் எழுதும் அனுமதியை டெர்மினலில் எடுத்துவிட்டுத் திறங்கள். ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, வரைகலை எடிட்டரை ஓட்ட வேண்டாம். வேலேண்ட் என்ற திரைச் சூழலில் பல நேரம் ஓடாது, ஓடினாலும் கை தவறினால் உங்கள் சொந்தச் சிஸ்டம் டிஸ்கிலேயே எழுதிவிடும். இமேஜ் உங்கள் பெயரில் இருக்கும் சாதாரண ஃபைல் என்பதால் ரூட்டுக்கு அவசியமும் இல்லை.

யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சமாகியிருக்கும் ஒரு சங்கதி இது. பூட் பகுதியைப் பார்க்க 500 ஜிபியையும் திறக்க வேண்டியதே இல்லை. டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் முதல் 4 எம்பியை மட்டும் தனி ஃபைலாக வெட்டிக்கொண்டால் எந்த எடிட்டரிலும் திறக்கும், ஒக்டேட்டாவின் வசதிகள் அத்தனையும் கிடைக்கும். சரிசெய்த பிறகு திரும்ப இமேஜில் எழுதும்போது கான்வ்=நோட்ரங்க் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்; விட்டால் இமேஜ் 4 எம்பியாகச் சுருங்கிவிடும். பெயர்க்கும் வேலையையே டிடியில் செய்யலாம்: பிளாக் அளவு 512, ஸ்கிப் 2060, சீக் 2048, கவுண்ட் 12, அதோடு நோட்ரங்க். எக்ஸ்ஃபேட்ப்ரோக்ஸ் தொகுப்பில் உள்ள சரிபார்ப்புக் கருவியும் மறுபிரதியிலிருந்து பூட் பகுதியை மீட்கத் தெரிந்தது. இருந்தும் நான் கையால்தான் செய்தேன். என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்காமல் எந்தக் கருவியையும் அந்த இமேஜில் எழுதவிட எனக்கு மனம் வரவில்லை.

பெயர்த்த பிறகு இமேஜை டிஸ்க் போல இணைக்கும் லோசெட்அப்பில் ரீட்-ஒன்லியாக இணைத்து, ரீட்-ஒன்லியாகவே மவுண்ட் செய்தேன். ஃபோல்டர்கள் வந்தன. கோவில்பட்டிப் பாட்டியின் ஒலிப்பதிவு முழுதாக வந்தது. எல்லாம் வரவில்லை. நிரப்பி வைத்த சொல் இங்கே மறுபடி உதவியது: மவுண்ட் செய்த ஃபைல்களில் கிரெப் என்ற தேடல் கட்டளையால் பேட்-செக்டர் என்று தேடினால் எவை சேதமானவை என்று பெயரோடு பட்டியல் வந்துவிடும். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சில பதிவுகளில் நடுவில் ஓட்டை. அந்தப் பாடல்களில் இரண்டைப் பாடியவர்கள் இருக்கிறார்கள், தங்கை மறுபடி போய் வந்தாள். மற்றவை போனவைதான். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இன்றும் வருத்தம்தான்.

எழுத்துப்படிகளில் ஒன்று ஃபைல் பட்டியலிலேயே இல்லை. அதை இமேஜுக்குள் நேரடியாகத் தேட வேண்டியிருந்தது. டெக்ஸ்ட் ஃபைல் யூடிஎஃப்-8-ல் இருக்கும், ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஃபைலின் பெயர் யூடிஎஃப்-16-ல் இருக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்திலும் பைட்டுகள் வேறு. எடிட்டரின் தேடல் பெட்டியில் தமிழைத் தட்டச்சு செய்து அது எந்தக் குறிமுறையில் தேடுகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்காதீர்கள். டெர்மினலில் அந்தச் சொல்லை குறிமுறையை மாற்றும் ஐகான்வ் வழியாக விட்டு எக்ஸ்எக்ஸ்டியில் ஹெக்ஸாக எடுத்து, ஹெக்ஸ் தேடலில் ஒட்டுங்கள். "ஆராரோ" என்று தேடினால் ஏராளமாக வரும் என்பதால் அந்தப் பாட்டில் மட்டும் வரும் ஊர்ப்பெயரைத் தங்கையிடம் கேட்டு அதைத் தேடினேன். 500 ஜிபியைத் தேட மணிக்கணக்காகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். கிடைத்த இடத்தில் கர்சரை வைத்தால் ஒக்டேட்டாவின் டீகோடிங் டேபிளும் இம்ஹெக்ஸின் இன்ஸ்பெக்டரும் அந்த பைட்டுகளைத் தமிழ் எழுத்தாகவே காட்டும் வசதி கொண்டவை. இம்ஹெக்ஸில் தமிழ் எழுத்துரு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் கணினியில் மூன்று இருக்கின்றன. அன்றாடச் சிறு ஃபைல்களுக்கு ஒக்டேட்டா, பெரிய இமேஜுக்கும் குறிப்பெழுதவும் ரீஹெக்ஸ், புதிதாக ஒரு ஃபைல் வடிவத்தைப் புரிந்துகொள்ள இம்ஹெக்ஸ். அவசரம் வரும்முன்னே நிறுவி, ட்ரன்கேட் கட்டளையால் ஒரு 100 ஜிபி வெற்று ஃபைலை உருவாக்கித் திறந்து பாருங்கள். டிஸ்கில் இடமே எடுக்காத ஸ்பார்ஸ் ஃபைல் அது. வேறு வேலை எதுவும் திறந்திராத நேரத்தில், பக்கத்தில் சிஸ்டம் மானிட்டரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். நினைவகம் ஏறத் தொடங்கினால் உடனே எடிட்டரை மூடிவிடுங்கள். அந்த எடிட்டர் எந்த வகை என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய டிஸ்கில் மறுபடி எதையும் வைக்காதீர்கள். இமேஜையும் மேப் ஃபைலையும் ஆய்வேடு சமர்ப்பிக்கும்வரை அந்த 1 டிபி டிஸ்கிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மீட்ட ஃபைல்களுக்கு வேறு இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறது.